சென்னையின் ஹெரால்ட் கார்

கற்பிட்டி தொடக்கம் சிலாபம் வரையான நமது கரையோர வீதிகளில் ஓடும் வாகனங்களில் பெரும்பாலானவை ஜப்பானிலும் இந்தியாவிலும் உற்பத்தியானவை. 2020இல் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025இல் தளர்த்தப்பட்டதையடுத்து, உள்ளூரில் பொருத்தப்படும் வாகனங்களின் எதிர்காலம் யாது என்ற கேள்வி எழுந்துள்ளது. அக்கரையிலுள்ள சென்னையின் அனுபவம் இங்கு கவனத்திற்குரியது.

வண்டலூரின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961இல் பிரித்தானியாவின் ட்ரையம்ப் ஹெரால்ட் காரைத் தயாரிக்கத் தொடங்கியது. விசித்திரமான கார்தான். அதன் முன்புறம் முழுவதும் சக்கர மூடிகளோடு சேர்ந்து முன்னோக்கித் திறக்கும்; பழுதுபார்ப்போருக்கு அதைவிட வசதி வேறில்லை. பிரித்தானியாவிலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் இந்நிறுவனம் உருவாக்கியது. 1970களில் கெஸல் என்ற கார் வந்தது. அதுவும் அத்தசாப்தத்திலேயே நின்றது.

1983 டிசம்பரில் சிக்கனமான மாருதி 800 சந்தைக்கு வந்தது. ஸ்டாண்டர்ட் நிறுவனமோ 1985இல் ரோவர் காரின் உடலுக்குள் தனது பழைய இயந்திரத்தைப் பொருத்தி 'ஸ்டாண்டர்ட் 2000' என விற்றது. வாங்கியோர் வேகத்தை எதிர்பார்த்தனர். கிடைத்தது பெற்றோல் செலவே. 1988இல் உற்பத்தி நின்றது. போட்டியற்ற காலத்தில் புதிய இயந்திரமொன்றை உருவாக்காமையே வீழ்ச்சிக்குக் காரணம் என்பது எமது கருத்து.

உள்ளூர்ப் பொருத்துநர்களுக்குத் தீர்வைச் சலுகை வழங்கும் அரசு, உதிரிப்பாகங்களில் எத்தனை இங்கு தயாராகின்றன என்பதையே முதலில் கேட்க வேண்டும்.