கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கு ஒரு 'லைன் கிளியர்'

நம் சங்க அன்பர்களின் குடும்பங்களில் கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்க்கும் ஒரு மகனோ, மகளோ, மருமகனோ இல்லாத வீடு இன்று அரிது. "என்னப்பா வேலை?" என்று கேட்டால், "ரெண்டு சிஸ்டத்தை இணைக்கிறேன்" என்று ஒரு வரியில் பதில் வரும். அதற்கு மேல் கேட்டால், "சொன்னா உங்களுக்குப் புரியாதுப்பா" என்று பேச்சு முடிந்துவிடும். உண்மையில் இதில் புரியாத சங்கதி எதுவும் இல்லை. ரயில்வே சிக்னல் பிரிவில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாங்கள் நாள்தோறும் செய்ததைத்தான் இவர்கள் வேறு விதமாகச் செய்கிறார்கள்.

இரண்டு ஸ்டேஷன்களும் மணி ஓசையும்

இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே உள்ள பாதைக்கு பிளாக் செக்ஷன் என்று பெயர். அதற்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். ஆகவே அடுத்த ஸ்டேஷனிடம் 'லைன் கிளியர்' வாங்கிய பிறகே வண்டியை அனுப்ப வேண்டும். இதற்கு பிளாக் கருவியில் மணி அடித்துப் பேசிக்கொள்வார்கள். ஒரு மணி என்றால் 'கவனி'. இரண்டு என்றால் 'லைன் கிளியரா?' மூன்று என்றால் 'வண்டி செக்ஷனுக்குள் நுழைகிறது'. நான்கு என்றால் 'வண்டி வந்து சேர்ந்தது'. ஆறு என்றால் 'ஆபத்து, பாதையில் தடை'. கேட்டவர் அதே எண்ணிக்கையில் திருப்பி அடித்து, தமக்குப் புரிந்ததைத் தெரிவிப்பார்.

ஒரு முனையில் பீகார்க்காரர், மறுமுனையில் தமிழர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. இருந்தும் வேலை ஒழுங்காக நடப்பதற்குக் காரணம், இருவர் மேஜையிலும் ஒரே விதிப் புத்தகம் இருப்பதுதான். ஒருவர் புத்தகத்தில் மட்டும் நான்கும் ஆறும் இடம் மாறி அச்சாகியிருந்தால் என்ன ஆகும் என்று சற்றே எண்ணிப் பாருங்கள்!

சுவருக்கு அந்தப் பக்கம்

கம்ப்யூட்டருக்குள் ஒரே நேரத்தில் பல புரோகிராம்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நினைவகம் உண்டு. ஒன்றின் நினைவகத்தில் மற்றொன்று கை வைக்க முடியாதபடி நடுவில் ஒரு சுவர். ஒன்று பழுதாகி விழுந்தாலும் மற்றவை பிழைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நம் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனிலும் இதே கதைதான். நாம் எங்கே இருக்கிறோம் என்பதை ஒரு செயலி தெரிந்துகொள்ள வேண்டுமானால், அதற்கென உள்ள மற்றொரு புரோகிராமைச் சுவருக்கு இப்பால் இருந்து கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கேள்வியையும் பதிலையும் பொட்டலமாகக் கட்டி அனுப்ப வேண்டும். கட்டும் முறையை இரு பக்கத்தாரும் தனித்தனியே கையால் எழுதினால் வம்பு வரும். ஓர் உதாரணம்: சில கம்ப்யூட்டர்கள் ஓர் எண்ணின் பெரிய பகுதியை முதலில் வைக்கும், சில சிறிய பகுதியை முதலில் வைக்கும். 1 என்ற எண்ணை நான்கு பைட்டுகளில் ஒருவர் எழுதி, மற்றவர் தலைகீழாகப் படித்தால் அது 1,67,77,216 ஆகிவிடும். ஒரு ரூபாய் கொடுத்தவர் கணக்கில் ஒன்றே முக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும்!

நாங்களும் இத்தகைய தொல்லையைக் கண்டிருக்கிறோம். ஒரு சிக்னல் வேலையில் கேபிளின் இரு முனைகளையும் ஒரு காண்டிராக்டரின் இரண்டு குழுக்கள் இணைத்தன. ஒரு குழுவிடம் பழைய வரைபடம், மற்றதிடம் திருத்திய வரைபடம். இரண்டு குழுக்களும் தத்தம் தாளின்படி பிசகில்லாமல்தான் வேலை செய்திருந்தன. இருந்தும் ஒரு சர்க்யூட்டுக்குப் போக வேண்டிய மின்சாரம் வேறொன்றுக்குப் போயிற்று. நல்ல வேளை, சோதனையின்போதே அகப்பட்டது. முழுவதையும் கழற்றி மறுபடி மாட்டினார்கள்.

ஒரு கோப்பு, இரு பக்கத்து வேலை

இதற்குக் கண்ட வழி எளிமையானது. என்னென்ன கேட்கலாம், கேட்கும்போது என்ன தகவல் தர வேண்டும், என்ன பதில் வரும் என்பதை மட்டும் ஒரு சிறிய கோப்பில் எழுதிவிடுவது. அதைப் படித்து, இரு பக்கத்துக்கும் வேண்டிய பொட்டலம் கட்டும், பிரிக்கும் வரிகளை ஒரு புரோகிராமே எழுதித் தந்துவிடும். கேட்பவர் பக்கத்தில் அமரும் பகுதிக்கு 'ஸ்டப்' என்று பெயர். புரோகிராம் எழுதுபவர் பக்கத்து அறையில் உள்ளவரைக் கூப்பிடுவதுபோல் சாதாரணமாகக் கூப்பிடலாம். பொட்டலம் கட்டுவது, அனுப்புவது, பதிலுக்குக் காத்திருப்பது எல்லாம் ஸ்டப்பின் பொறுப்பு.

அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த பிரெல், நெல்சன் என்ற இருவர் 1984-இல் வெளியிட்ட கட்டுரை இத்துறைக்கு அடித்தளம் எனலாம். அவர்கள் ஸ்டப் எழுதித் தரும் புரோகிராமுக்கு 'லூபைன்' என்று பெயர். அதே காலகட்டத்தில் சன் நிறுவனமும் இந்த வழியில் இறங்கி, 'ஆர்பிசிஜென்' என்ற கருவியைத் தந்தது. அது ஒரு விவரக் கோப்பிலிருந்து நான்கு கோப்புகளை உண்டாக்கும்: பொதுவான பெயர்கள் அடங்கியது ஒன்று, கேட்பவருக்கு ஒன்று, பதில் சொல்பவருக்கு ஒன்று, பொட்டலம் கட்டவும் பிரிக்கவும் ஒன்று. உண்டான கோப்பின் தலையிலேயே, 'இதைத் திருத்த வேண்டாம்' என்று ஓர் எச்சரிக்கையும் இருக்கும். திருத்த வேண்டுமானால் மூல விவரக் கோப்பைத்தான் திருத்த வேண்டும். ஒரு முனையை மட்டும் திருத்தினால் எங்கள் கேபிள் கதைதான்.

பொட்டலத்தின் அளவுக்கும் கண்டிப்பான விதி உண்டு. சன் முறையில் எல்லாம் நான்கு நான்கு பைட்டுகளாகவே போகும். 'ரயில்' என்ற நம் சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து. யூனிகோடில் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ஐந்து குறிகள். பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு மூன்று பைட்டு வீதம் 15 பைட்டுகள். முதலில் நீளத்தைச் சொல்ல நான்கு பைட்டுகள், பிறகு அந்த 15, நான்கின் மடங்காக்க ஒரு வெற்று பைட்டு. ஆக மொத்தம் 20. இந்தக் கணக்கையெல்லாம் மனிதர் போட்டால் பிசகும்; கருவி போட்டால் பிசகாது.

எண் மாறினால் ஆபத்து

இங்கேதான் மணி ஓசைக்கு வருகிறோம். பொட்டலத்தின்மேல் செயலின் பெயர் எழுதப்படுவதில்லை, எண்தான் எழுதப்படுகிறது. சன் நிறுவனத்தின் என்எஃப்எஸ் என்னும் கோப்புப் பகிர்வு முறையின் இரண்டாம் பதிப்பில் 6 என்றால் 'படி', 8 என்றால் 'எழுது', 10 என்றால் 'அழி'. 6 என்று கேட்டதை மறுபக்கம் 10 என்று எடுத்துக்கொண்டால், படிக்கக் கேட்டது அழிக்கச் சொன்னதாகிவிடும்!

சன் முறையில் எண்களை எழுதுபவரே குறிப்பார். ஆண்ட்ராய்டில் உள்ள ஏஐடிஎல் என்ற விவர முறையில், எண் எதுவும் குறிக்காவிட்டால், வரிசைப்படி கருவியே எண் கொடுத்துக்கொள்கிறது. ஒரு புதிய செயலை நடுவில் செருகினால் அதற்குக் கீழே உள்ள எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப் போய்விடும். புதிதாக்கிய பக்கம் சரியாக இருக்கும். பழைய பக்கம் வேறு கதவைத் தட்டும். ஆகவே புதியதைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். கூகுள் நிறுவனம் 2008-இல் பொதுவில் வெளியிட்ட 'புரோட்டோகால் பஃபர்ஸ்' முறையில், ஒரு தகவலை நீக்கினாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அந்த எண்ணை ஒதுக்கி வைக்க 'ரிசர்வ்ட்' என்ற சொல்லே அதில் உண்டு. நம் ரயில் பெட்டியில் ரிசர்வ் செய்த இருக்கை போல, காலியாக இருந்தாலும் மற்றவர் உட்காரக் கூடாது.

கருவிக்கு எட்டாதவை

இவ்வளவு இருந்தும் கருவி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. அமெரிக்காவின் நாசா 1998 டிசம்பரில் செவ்வாய்க்கு அனுப்பிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்தது. பூமியில் இருந்த ஒரு புரோகிராம் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அளவில் எழுதியது. அதை வாங்கிய புரோகிராம் நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் நான்கரை மடங்கு. 226 கிலோமீட்டர் உயரத்தில் கடக்க வேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. நியூட்டன் அளவில்தான் தர வேண்டும் என்று இடைமுக ஆவணத்தில் எழுதியே இருந்தது! ஆனால் அது மனிதர் படிக்கும் தாளில் இருந்தது. எந்த இயந்திரமும் அதைச் சரிபார்க்கவில்லை. இன்றைய விவரக் கோப்புகளும் பெரும்பாலும் 'இது ஒரு தசம எண்' என்றுதான் சொல்கின்றன. கிலோவா, பவுண்டா என்று சொல்வதில்லை.

மற்றொன்று, பதில் வராத நிலை. கேட்டது போய்ச் சேரவில்லையா, வேலை முடிந்து பதில் மட்டும் வழியில் தொலைந்ததா என்று ஸ்டப்புக்குத் தெரியாது. பணம் செலுத்தும் வேலையில் அவசரப்பட்டு மறுபடி அனுப்பினால் இருமுறை கழிந்துவிடலாம். வண்டி வந்து சேர்ந்த மணி கேட்காதவரை பிளாக் செக்ஷனில் வண்டி இருப்பதாகவே கொள்வது ரயில்வே வழக்கம். அந்த நிதானம் இங்கும் தேவை.

இளைஞர்களுக்கு

இத்துறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவனின் யோசனைகள்: விவரக் கோப்பை இரு தரப்பினரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, அதிலிருந்தே இரு பக்கத்தையும் உண்டாக்குங்கள். பழைய எண்ணைப் புதியதற்குத் தராதீர்கள். 'வேகம்' என்று மட்டும் பெயர் வைக்காமல் 'வேகம் கி.மீ./மணி' என்று அளவையும் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள்.

பள்ளி, கல்லூரி மாணவர்கள் லினக்ஸ் உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும் ஆர்பிசிஜென் கருவியை இலவசமாக நிறுவி, பத்து வரியில் ஒரு விவரக் கோப்பு எழுதிப் பார்க்கலாம். இரண்டு எண்களைக் கூட்டித் தரும் ஒரே ஒரு செயல் போதும். உண்டாகும் நான்கு கோப்புகளையும் திறந்து வரி வரியாகப் படியுங்கள். ஒரு விடுமுறை நாளில் முடிகிற வேலை இது.