இணையத்தின் வேர் யார் கையில்?

இணையத்தில் கேபிளுக்கு ஓர் உரிமையாளர் உண்டு, செர்வருக்கும் உண்டு. ஆனால் இவை அத்தனையையும் ஒரே இணையமாகச் சேர்த்து வைத்திருக்கும் கோப்பு ஒன்று இருக்கிறது. ரூட் ஸோன் என்று பெயர். ஓரிரு மெகாபைட்தான், செல்பேசியில் எடுக்கும் புகைப்படம்கூடப் பல சமயம் அதைவிடப் பெரிது.

ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் கணினிக்குத் தேவைப்படுவது அதன் ஐபி எண். அதைத் தேடும் வேலை பெயரின் கடைசியிலிருந்து தொடங்கும். '.காம்' யார் பொறுப்பில் இருக்கிறது என்பது முதல் கேள்வி. அதற்கு விடை இந்தக் கோப்பில் இருக்கிறது. .ஆர்க், .ரு, தமிழிலேயே எழுதப்படும் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என எல்லாவற்றுக்கும் அதில் சில வரிகள். அந்த வரிகளை அழித்தால், பழைய நகல்கள் காலாவதியாக ஆக, ஏறக்குறைய இரண்டு நாளில் அந்தப் பெயரில் முடியும் தளங்கள் எல்லாமே எட்டாமல் போய்விடும்.

இவ்வளவு வல்லமையுள்ள கோப்பு யாரிடம் இருக்க வேண்டும்? அரசிடமா, தனியாரிடமா?

1998 ஜனவரி 28 அன்று இந்தக் கேள்வி வெளிப்படையாக வெடித்தது. அப்போது மூலக்கோப்பு, அமெரிக்க அரசின் ஒப்பந்தப்படி, நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்திடம் இருந்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்திலிருந்தே இணைய எண்களைப் பங்கிட்டு வந்தவர் ஜான் போஸ்டெல். இந்தக் கோப்பின் நகலை வைத்துக் கணினிகளுக்குப் பதில் சொல்பவை ரூட் செர்வர்கள். அவற்றை நடத்தியவர்களுக்கு அவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: இனி அந்த நிறுவனத்தின் செர்வரை விட்டுவிட்டு என் செர்வரிலிருந்து கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு செர்வர்கள் அப்படியே மாறின. பயனர் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளை மாளிகை ஆலோசகர் ஐரா மேகசினர் தலையிட்டதும், 'இது ஒரு சோதனை' என்று சொல்லிப் போஸ்டெல் சில நாளில் பழையபடி மாற்றிவிட்டார். அந்த ஆண்டே இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்க ஐகான் என்ற லாப நோக்கற்ற அமைப்பு உருவானது. அக்டோபரில் போஸ்டெல் காலமானார். அமெரிக்க அரசின் மேற்பார்வை 2016 அக்டோபர் 1 அன்றுதான் முடிவுக்கு வந்தது.

அந்த எட்டு செர்வர்காரர்களையும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் இதில் வியப்பு. அவர்கள் போஸ்டெலை நம்பினார்கள், அவ்வளவுதான். இன்றும் 13 பெயர்களில் இயங்கும் ரூட் செர்வர்களை 12 அமைப்புகள் நடத்துகின்றன. அமெரிக்க ராணுவம், நாசா, மேரிலாண்ட் பல்கலைக்கழகம், வெரிசைன் நிறுவனம், ஸ்வீடனின் நெட்நாட், ஜப்பானின் வைட் என்று அரசும் வணிகமும் கல்வியும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

இந்த ஏற்பாட்டுக்கு இரு பக்கமிருந்தும் சோதனை வந்தது. லாப நோக்கற்ற அமைப்புகள் பெரிதும் நம்பியிருக்கும் .ஆர்க் பெயர்களை நிர்வகிக்கும் பதிவகத்தை 113.5 கோடி டாலருக்கு வாங்க ஈத்தோஸ் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம் முன்வந்தது. எதிர்ப்பு வலுத்தது. ஐகான் பதிவாகியிருக்கும் கலிஃபோர்னியாவின் அரசுத் தலைமை வழக்கறிஞரும் எதிர்த்து எழுதினார். 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் ஒப்புதல் மறுத்தது. 2022இல் ரஷ்யா படையெடுத்தபோது, அந்த நாட்டின் .ரு பெயரை முடக்கும்படி உக்ரைன் அரசு கேட்டது. கேட்டவர்களின் வேதனை நியாயமானது. ஆனாலும் ஐகான் மறுத்தது. இன்று ஒரு நாட்டை அழிக்கும் பேனா, நாளை வேறொருவர் சொல்லுக்கும் எழுதும்.

ஆகவே அரசா, தனியாரா என்று மட்டும் கேட்டால் போதாது. ஐகானும் ஒரு மாநிலத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே. வணிக நிறுவனங்களும் அதே வரிசையில் இருக்கின்றன. கட்டுப்பாடு யார் கையில் இருந்தாலும், அவர் தவறாக ஆணையிடும்போது 'முடியாது' என்று சொல்லி விலகிக்கொள்ள மற்றவர்களுக்கு வழி இருக்கிறதா? நான் பார்க்கும் உரைகல் அதுதான். ரூட் ஸோனில் அந்த வழி இருக்கிறது. அரசு ஒரே உத்தரவில் ஒரு மாவட்டத்தின் இணையத்தை நிறுத்தும்போதும், ஒரு நிறுவனம் விளக்கம் தராமல் ஒருவரின் கணக்கை முடக்கும்போதும் அந்த வழி இல்லை. நாம் வாதாடிப் பெற வேண்டியது அங்கேதான் இருக்கிறது.