பெண்கள் எழுதிய நூல்கள் வாசகர் கைக்கு வரும் வழி

பெண் எழுத்தின் வரலாற்றில் தென்படும் வெற்றிடங்களில் பல, அச்சகத்திலும் புத்தகக் கடையிலும் நூலக அலமாரியிலும் உண்டானவை. எழுத வேண்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள்; நூல்தான் வாசகரிடம் வந்து சேரவில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்த்வனம்' இதற்குத் தெளிவான சான்று.

18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்காவியம் 1887இல் அச்சேறியபோது, பாடல்கள் சிலவும் கவிஞர் தம்மைப் பற்றிக் கூறும் முகப்புப் பகுதியும் விடுபட்டிருந்தன. திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் இந்தக் குறையைக் கண்டார். சுவடியைத் தேடிப் பெற்று, 1910இல் சென்னை வாவிள்ளா நிறுவனத்தின் வழியே முழுநூலையும் வெளியிட்டார். ஆண் கவிஞர்களின் சிருங்காரத்தை ஏற்றுக்கொண்டவர்களுக்கு, ஒரு பெண் பாடிய சிருங்காரம் ஆபாசமாகத் தெரிந்தது. 1911இல் ஆங்கிலேய அரசு நூலைத் தடைசெய்து பிரதிகளைப் பறிமுதல் செய்தது. தடை நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1952இல் வாவிள்ளா மீண்டும் பதிப்பித்தது. தெலுங்குக்கு வெளியே பலர் முத்துப்பழனியை அறிந்தது, சூசி தாரு, கே. லலிதா இருவரும் தொகுத்த இந்தியப் பெண் எழுத்துத் தொகுப்பு நியூயார்க்கின் ஃபெமினிஸ்ட் பிரஸ் வழியாக 1991இல் வந்த பிறகுதான். தேடும் பதிப்பாசிரியரும் துணிந்து அச்சிடும் பதிப்பகமும் ஒருசேர வாய்த்ததால் பிழைத்த நூல் இது.

அச்சிட்டால் மட்டும் போதாது, கடையில் கண்ணில் பட வேண்டும். லண்டனில் கார்மன் கலில் 1973இல் தொடங்கிய விராகோ பதிப்பகம், 1978 முதல் மறக்கப்பட்ட பெண் நாவலாசிரியர்களை மலிவுப் பதிப்பாக ஒரே வரிசையில் கொண்டுவந்தது. எல்லா நூலின் முதுகும் பச்சை நிறம். பெயர் தெரியாத எழுத்தாளரையும் வரிசையை நம்பி வாங்கும் வாசகர்கள் இதனால் உருவானார்கள். இந்தியாவிலும் பெண் எழுத்துக்கென ஊர்வசி புட்டாலியாவும் ரிது மேனனும் 1984இல் காளி ஃபார் வுமன் பதிப்பகத்தைத் தொடங்கினர்.

தமிழில் வை.மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி' இதழைத் தாமே சுமார் 35 ஆண்டுகள் நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். எழுத்தும் வெளியீடும் ஒருவர் தோளிலேயே இருந்தால், அவருக்குப் பின் அவற்றைக் காக்கும் பொறுப்பு நூலகங்களுக்கே வருகிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு பிரதியும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். அதற்கு முந்தைய நூல்களும் இதழ்களும் இச்சட்டத்தின் பாதுகாப்புக்குள் வராதவை. அவற்றை மின்னுருவாக்குவது அவசரமான பணி.

சேமிப்புக்கான ஒரு பிரதி ஆய்வாளருக்கு உதவும். வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க விரும்பும் பெண்ணுக்குக் கிளை நூலகத்தில் நூல் இருக்க வேண்டும். அங்கே நூல் போய்ச் சேர்வது நூலக ஆணையை, அதாவது நூலகங்களுக்காக அரசு வழங்கும் கொள்முதல் ஆணையைப் பொறுத்தது. அச்சில் இல்லாத நூலுக்கு ஆணை வழங்க முடியாது. ஆகவே மறுபதிப்பும் நூலகக் கொள்முதலும் சேர்ந்தே திட்டமிடப்பட வேண்டியவை.