இபேயில் விற்ற போர்க்கப்பல்கள்: வாங்கலாம், டைவ் அடிக்கலாம்... ஆனா தொட முடியாது!

2019-ல் இபே தளத்தில் ஒரு விநோதமான விளம்பரம் வந்தது. முதல் உலகப் போர் காலத்து ஜெர்மன் போர்க்கப்பல்கள் மூன்று, குரூசர் ரகக் கப்பல் ஒன்று விற்பனைக்கு. கண்டிஷன்? 100 வருஷமாகக் கடலுக்கு அடியில் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 25 ஆயிரம் டன் எடையுள்ள மார்க்கிராஃப், கோனிக், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம் ஆகிய மூன்றும் தலா 25,500 பவுண்டுக்கு விற்றன. அன்றைய மதிப்பில் சுமார் 22 லட்சம் ரூபாய். நம்ம ஊரில் ஒரு கார் வாங்குற காசு. கார்ல்ஸ்ரூ என்ற குரூசர் இன்னும் மலிவு, 8,500 பவுண்டு.

ஏன் இவ்வளவு சீப்? வாங்கியவர் அதிலிருந்து ஒரு ஆணியைக்கூடக் கழற்ற முடியாது என்பதுதான் விஷயம்.

மூழ்கடித்தது யார்?

இந்தக் கப்பல்கள் கிடப்பது ஸ்காட்லாந்தின் வடக்கே, ஆர்க்னி தீவுகளுக்கு நடுவிலுள்ள ஸ்காபா ஃப்ளோ என்ற இயற்கைத் துறைமுகத்தில். 1918 நவம்பரில் போர் நின்றதும், ஜெர்மனியின் 74 கப்பல்கள் இங்கே சிறைவைக்கப்பட்டன. அவற்றை என்ன செய்வது என்று நேச நாடுகள் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தன. 1919 ஜூன் 21 காலை, காவலுக்கு இருந்த பிரிட்டிஷ் கப்பல்கள் பயிற்சிக்காக வெளியே போயிருந்தன. கப்பல்கள் எதிரி கைக்குப் போகக் கூடாது என்று முடிவெடுத்த ஜெர்மன் அட்மிரல் லுட்விக் ஃபான் ராய்ட்டர், எல்லாவற்றையும் மூழ்கடிக்க உத்தரவிட்டார். மாலைக்குள் 52 கப்பல்கள் மூழ்கின. அன்று படகில் சுற்றுலா வந்திருந்த உள்ளூர்ப் பள்ளிக் குழந்தைகள் கண் முன்னாலேயே இது நடந்தது.

தடுக்க ஓடிவந்த பிரிட்டிஷ் வீரர்கள் சுட்டதில் 9 ஜெர்மானியர்கள் இறந்தார்கள். வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தாக இன்னும் ஒரே வாரம்தான் இருந்தது.

1920-களில் எர்னஸ்ட் காக்ஸ் என்ற பழைய இரும்பு வியாபாரி இவற்றை ஒவ்வொன்றாகத் தூக்க ஆரம்பித்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் தூக்கியதுபோக மிஞ்சியவற்றில், டைவர்கள் முக்கியமாகத் தேடிப் போவது ஏழு: மூன்று போர்க்கப்பல்கள், நான்கு குரூசர்கள்.

கீழே போனால் என்ன தெரியும்?

முதலில் குளிர். கோடையின் உச்சத்தில்கூடத் தண்ணீர் 13, 14 டிகிரிதான். உடம்பின் வெப்பத்தைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உறிஞ்சிவிடும். அதனால் தண்ணீர் உள்ளே புகாத ‘ட்ரை சூட்’, அதற்குள் தடிமனான கம்பளி உடை எல்லாம் தேவை. அந்தமானில் டைவ் அடித்த அனுபவம் இங்கே பாதிதான் உதவும்.

அடுத்தது ஆழம். மார்க்கிராஃப் சுமார் 45 மீட்டரில் கிடக்கிறது. 40 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைவிட 5 மடங்கு; சிலிண்டர் காற்றும் 5 மடங்கு வேகமாகத் தீரும். சாதாரணக் காற்றுடன் அங்கே 10 நிமிடத்தைத் தாண்டினாலே, மேலே வரும்போது நடுவில் நின்று நின்றுதான் வர வேண்டும். இல்லாவிட்டால் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி உயிருக்கே ஆபத்தாகும். போதாக்குறைக்கு, அந்த ஆழத்தில் நைட்ரஜன் லேசாகப் போதையும் ஏற்றும்.

மேல்பாகத்தில் கனமான பீரங்கிகள் இருந்ததால் மூன்று போர்க்கப்பல்களும் குப்புறக் கவிழ்ந்து கிடக்கின்றன. டைவருக்கு முதலில் தெரிவது கப்பலின் அடிப்பாகம்தான். க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்மின் ராட்சதப் பீரங்கிகளைப் பார்க்க, கவிழ்ந்த கப்பலின் ஓரமாகக் கடல் தரை வரை இறங்கணும். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் குரூசர்களைச் சுற்றிப் பார்ப்பது கொஞ்சம் சுலபம்.

2001 முதல் இந்த ஏழு கப்பல்களும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னங்கள். பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம், எதையும் எடுக்கக் கூடாது.

அதே ஸ்காபா ஃப்ளோவில் டைவர்கள் போகவே முடியாத ஒரு கப்பலும் இருக்கிறது. 1939 அக்டோபர் 14 நள்ளிரவுக்குப் பின், ஜெர்மன் நீர்மூழ்கி யு-47 உள்ளே நுழைந்து பிரிட்டனின் ராயல் ஓக் போர்க்கப்பலைத் தகர்த்தது. 800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் 100-க்கும் மேற்பட்டவர்கள் 18 வயதுகூட ஆகாத சிறுவர்கள். பெரும்பாலானோர் இன்னமும் அந்தக் கப்பலுக்குள்தான் இருக்கிறார்கள். ஜெர்மன் கப்பல்கள் ஆள் இறங்கிய பின் மூழ்கியவை, இது கல்லறை. அதனால்தான் இரண்டுக்கும் வெவ்வேறு விதி. வருஷத்துக்கு ஒருமுறை பிரிட்டிஷ் கடற்படை டைவர்கள் மட்டும் கீழே போய், பழைய கொடியை எடுத்துவிட்டுப் புதுக் கொடியைக் கட்டிவிட்டு வருகிறார்கள்.