மண் கொடுக்கும் துணை

மார்கழிப் பனி உலர முன்னர் பயற்றங் காணிக்குள் இறங்கி, காய்க்கொத்தைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். எறும்பொன்று நிற்கும். கறுத்த உடல், ஒடுங்கிய இடை, அதே துருதுரு நடை. கடித்துவிடும் என்று கையை இழுத்துக்கொள்வோம். குனிந்து வாயைப் பார்த்தால்தான் விளங்கும்: எறும்பின் தாடை அங்கே இல்லை, ஊசிக்குழல் ஒன்று நெஞ்சோடு மடிந்து கிடக்கிறது. எறும்பு வேடத்தில் நிற்பது காய்ச்சாறு குடிக்கும் மூட்டுப்பூச்சியின் குஞ்சு. நெல் பால்பிடிக்கும்போது வருகிறதே, அந்த மூட்டுப்பூச்சியின் குடும்பம்தான். பயற்றில் நிற்கும் இதன் அறிவியற் பேரினப் பெயர் ரிப்டோர்டஸ்.

வன்னியின் மேட்டுநிலங்களில் உழுந்து, பயறு, கௌபிதான் கூட; சோயா அவரை குறைவு. பூச்சிக்கு அந்தப் பேதமில்லை. வவுனியாப் பக்கத்தில் கமக்காரர் ஒருவர் காயொன்றை நகத்தால் பிளந்து காட்டினார். வெளியே நல்ல பச்சை, துளையே இல்லை. உள்ளே பருப்பு சுருங்கிச் சப்பியாய்க் கிடந்தது. "புழு திண்டால் தெரியும் தம்பி. இது சத்தமில்லாமல் குடிச்சிட்டுப் போயிடும்" என்றார்.

இந்தச் சின்ன உயிருக்குள் படைத்தவன் வைத்திருக்கும் ஏற்பாட்டை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. செழித்து வளர இதற்கு ஒருவகை நுண்ணுயிரின் துணை வேண்டும். தாய் அதைக் கொடுத்து அனுப்புவதில்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சு, முதற்சட்டை கழற்றிய பிறகு, மண்ணிலிருந்து தானே அதை எடுத்துக்கொள்கிறது. ஒரு பிடி மண்ணில் எத்தனை கோடி நுண்ணுயிர்கள்! குடலின் நடுவே மயிரிழைபோல ஒடுங்கிய வாசல் ஒன்று இருக்கிறது. உரிய துணைதான் தன் வாலை உடம்பில் சுற்றிக்கொண்டு, திருகாணிபோலச் சுழன்று அதற்குள் நுழைகிறது. மற்றவை வெளியே நின்றுவிடுகின்றன. தலைமுறைதோறும் இந்தத் தேடல் புதிதாகத் தொடங்குகிறது.

மருந்தடிக்கிறவர்கள் நின்று கேட்கவேண்டிய இடம் இதுதான். 2012இல் ஜப்பானில் யொஷிடோமோ கிகுச்சியும் குழுவினரும் ஒன்றைக் காட்டினார்கள். பெனிட்ரோதியோன் என்ற பூச்சிநாசினியைத் திரும்பத் திரும்ப இட்ட மண்ணில், அந்த நஞ்சையே தின்று வாழும் நுண்ணுயிர்கள் பெருகின. அவற்றில் பூச்சிக்கு உரிய துணையும் இருந்தது. அதை உட்கொண்ட குஞ்சு அந்த மருந்துக்குச் சாகவில்லை. தாய்தகப்பன் கொடுக்காத கவசத்தை மண் கொடுத்தது. நாம் ஊற்றியதைக்கொண்டே கொடுத்தது.

ஆகவே நாள் குறித்து, ஒரே மருந்தை அடிப்பதை நான் ஒப்பமாட்டேன். காய் பிடித்ததிலிருந்து விடியப்புறங்களில் செடியை மெல்ல உதறிப் பூச்சியை எண்ணுங்கள். குளிரில் அது மந்தமாக இருக்கும். வலையில் பிடிக்கவும் இலகு. அயற்காணிகளெல்லாம் ஒரே நேரத்தில் விதைத்தால் ஒரு காணியிலிருந்து மறுகாணிக்கு அது குடிபெயர இடம் குறையும். பூச்சி மிஞ்சிப்போனால் மட்டும் மருந்து, அதுவும் வகை மாற்றி.

இன்னொரு காவலும் இருக்கிறது. ஆண் பூச்சி தன் இனத்தைக் கூட்டுவதற்கு ஒரு வாசனை விடும். ஜப்பானில் அதே வாசனையைப் பிடித்துக்கொண்டு நுண்ணிய குளவியொன்றும் வந்து சேர்வதைக் கண்டிருக்கிறார்கள். அது தேடுவது முட்டையை. பித்தளை நிறத்தில் தனித்தனியாக ஒட்டியிருக்கும் முட்டைக்குள் குளவி தன் முட்டையை இடுகிறது. உள்ளே வளரும் குளவிக்குஞ்சு மூட்டுப்பூச்சியை உருவாகவிடாது. நம் காணிகளிலும் முட்டைக்குளவிகள் உண்டு. இலையைத் திருப்பும்போது கண்ணை நன்றாகக் கிட்டக் கொண்டுபோங்கள். பித்தளை மணியில் குண்டூசி முனையளவு ஓட்டை இருந்தால், அந்தக் காவல் வந்துபோயிருக்கிறது.