கொலை செய்தது யார்? 'அந்த நாள்' நம்மை ஏமாற்றும் விதம்

கொலை மர்மப் படம் ஓடும்போது, பாதியிலேயே "இவன்தான்பா கொலைகாரன்" என்று அடித்துச் சொல்பவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பாரே? அவருக்கு 'அந்த நாள்' படத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

1954-இல் ஏவிஎம் தயாரித்த கறுப்பு வெள்ளைப் படம் இது. இயக்கியவர் வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர். வீணை வித்வான் எடுத்த படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை! பாடல்களே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படமும் இதுதான்.

கதை என்ன?

1943 அக்டோபர். ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய சமயம். வானொலிப் பொறியாளர் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டு இறக்கிறார். அந்த வேடத்தில் சிவாஜி கணேசன்.

மனைவி உஷா, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ராஜனோடு பழகிய நடனப் பெண் என ஐந்து பேர் மீது சந்தேகம். விசாரணையில் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார். ஒவ்வொருவர் சொல்வதும் காட்சியாகவே விரிகிறது. கண்ணால் பார்த்தால் நம்பிவிடுவோம் இல்லையா? படம் அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது.

ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்லும் இந்த உத்திக்குத் தூண்டுதல், ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'ராஷோமோன்' (1950). அதில் கடைசிவரை உண்மை எது என்று உறுதியாகத் தெரியாது. 'அந்த நாள்' உண்மையைச் சொல்லிவிடுகிறது.

திருப்பம் எங்கே?

படம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லுங்கள். முடிவைச் சொல்லப் போகிறோம்.

ராஜனைக் கொன்றது உஷாவின் கையிலிருந்த துப்பாக்கி. ஆனால் உண்மையான அதிர்ச்சி அது இல்லை. ராஜன் ஜப்பானுக்கு ரகசியங்களைக் கொடுத்த உளவாளி! தன் திறமையை இங்கே யாரும் மதிக்கவில்லை என்ற கோபம் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. அது தெரியவந்த மனைவிக்கு ஒரே கேள்விதான்: கணவனா, நாடா?

ஏன் நம்மால் கண்டுபிடிக்க முடிவதில்லை?

'யார் கொன்றது?' என்று ஐந்து முகங்களையும் மாறி மாறிப் பார்க்கிறோம். 'செத்தவர் யார்?' என்று கேட்கத் தோன்றுவதே இல்லை. இறந்தவர் அப்பாவி என்று நாமாகவே முடிவுசெய்துவிடுகிறோம். அதிலும் அது சிவாஜி!

படம் எதையும் ஒளித்துவைக்கவில்லை. போர்க்காலம், குண்டுவீச்சு, வானொலி தெரிந்த பொறியாளர் எல்லாம் நம் கண்முன்னேதான் இருந்தன. கடைசி நிமிடத்தில் திடீரென்று ஒரு புது ஆளைக் கொண்டுவந்து "இவர்தான் கொலைகாரர்" என்றால் நமக்கு எரிச்சல்தான் வரும். இங்கே "அட, இது தெரியாமப் போச்சே" என்று நம்மையே நொந்துகொள்கிறோம். நல்ல திருப்பத்துக்கு அதுதான் அடையாளம்.

சிங்கப்பூரில் பார்த்தால்?

அதே 1943 அக்டோபரில் சிங்கப்பூர் 'சியோனான்' என்ற பெயரில் ஜப்பானியர் பிடியில் இருந்தது. அந்த மாதம் 21-ஆம் தேதி, ஜப்பானின் ஆதரவுடன், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இங்குள்ள கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். பிரிட்டிஷாரை விரட்ட ஜப்பானோடு சேரலாமா என்பது அன்று பல இந்தியர்களின் நிஜக் கேள்வி. ராஜனின் கதை அதுவல்ல. அவரை இழுத்தது சொந்தக் கோபம். இந்தப் பின்னணி தெரிந்தால் உஷாவின் முடிவு எவ்வளவு கனமானது என்பது இன்னும் நன்றாகப் புரியும்.

முடிவு தெரிந்தால் படம் போரடிக்குமா?

2011-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 12 சிறுகதைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். முடிவை முன்கூட்டியே அறிந்தவர்கள் கதையைக் கூடுதலாக ரசித்ததாக அவர்கள் கண்டார்கள். பின்னர் வந்த சில ஆய்வுகள் நேர்மாறாகவும் சொல்கின்றன. அதனால் நண்பர்கள் குழுவில் முடிவைப் போட்டுடைக்க இதை ஒரு சாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள்!

'அந்த நாள்' படத்தை இரண்டு முறை பாருங்கள். இரண்டாவது முறை சந்தேகத்துக்குரியவர்களை விட்டுவிட்டு, ராஜனை மட்டும் கவனியுங்கள்.