வேப்பெண்ணெய்க்கு அங்கே வேலையில்லை!

விடுமுறை என்றால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? மூன்றே நாளில் ஏழு ஊர்! பிள்ளைகள் வண்டியிலேயே சாப்பிட்டு, வண்டியிலேயே தூங்கி, வீடு திரும்பியதும் காய்ச்சலில் படுத்துவிடும்.

என் மகள் குடும்பம் பிரான்சில் இருக்கிறது. 2023 ஜூலையில் நான் போயிருந்தபோது, தென்மேற்கே தொர்தோன் பகுதியில், சார்லா என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வாரத்துக்கு வீடு எடுத்திருந்தார் மாப்பிள்ளை. ஆதிமனிதன் ஓவியம் தீட்டிய லாஸ்கோ குகை அங்கிருந்து தூரமில்லை. (அசல் குகையை 1963-லேயே மூடிவிட்டார்கள். இப்போது காட்டுவது நகல்தான்.)

"போக வேண்டாமா மாப்பிள்ளை?" என்றேன்.

"அது நாளைக்கு மாமா. இன்னைக்கு ஒண்ணும் கிடையாது!"

அந்த 'ஒண்ணும் கிடையாத' நாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

காலையில் ஏழு வயதுப் பேரனும் நாலு வயதுப் பேத்தியும் என் கையைப் பிடித்துக்கொண்டு ரொட்டிக் கடைக்கு நடந்தார்கள். அன்று சனிக்கிழமை, சார்லாவில் சந்தை. வால்நட், ஆட்டுப்பால் சீஸ், மெலன் பழம் வாங்கினோம். வெயில் ஏறியதும் ஜன்னல்களின் மரக்கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் தூக்கம். நாலு மணிக்குப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி. அதன் பெயர் 'கூத்தே'. பெயர்தான் அப்படி, கூத்தெல்லாம் இல்லை, ரொட்டியும் ஒரு துண்டு சாக்லேட்டும். அதற்கு முன்னும் பின்னும் நொறுக்குத்தீனி கிடையாது. நம் வீடுகளில் இதைச் சொல்லிப் பாருங்கள், பாட்டிகளே சண்டைக்கு வருவார்கள்!

பிறகு ஆற்றங்கரை. கூழாங்கல்லை அடுக்கி அணை கட்டினார்கள். இடுப்பளவு புல்லில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள்.

வினை அங்கேதான். இரவு குளிப்பாட்டும்போது, பேரனின் முழங்காலுக்குப் பின்னால் கசகசா அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. துடைத்தால் போகவில்லை. உண்ணி!

நான்தான் வைத்தியன் ஆயிற்றே! பையிலிருந்த வேப்பெண்ணெயை எடுத்துவிட்டேன். சத்தம் கேட்டு வந்த வீட்டுக்காரப் பாட்டி என் கையைப் பிடித்துத் தடுத்தார். மகள் மொழிபெயர்த்தாள்: "எண்ணெய் வேண்டாங்கிறாங்கப்பா. தடவினா, உண்ணி தன் வயித்துல இருக்கிறதை உள்ளே கக்கிடுமாம்."

உண்மைதான். அந்த நாட்டு உண்ணிகள் சிலவற்றில் 'லைம்' நோய்க் கிருமி இருக்கும். ஒரு நாளைக்கு மேல் ஒட்டியிருந்தால் ஆபத்து கூடும். எண்ணெய், ஸ்பிரிட், நெருப்பு எதுவும் கூடாது. பாட்டி ஒரு சின்னக் கொக்கியைக் கொண்டுவந்தார். அங்கே எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. தோலோடு ஒட்டி நுழைத்து, மெல்லத் திருகித் தூக்கினார். முழுசாக வந்துவிட்டது. பிறகு சோப்புப் போட்டுக் கழுவினோம். கொக்கி இல்லையென்றால், நுனி மெலிந்த இடுக்கியால் தலைப்பக்கத்தைப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுக்கலாம்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. முப்பது வருட வைத்தியம்! பாட்டி சிரித்துக்கொண்டே, முற்றத்து லிண்டன் மரத்தின் காய்ந்த பூவைப் போட்டு ஒரு கஷாயம் கொடுத்தார். கஷாயத்துக்கு மட்டும் நான் மறுப்புச் சொல்லவில்லை.

வெளிநாட்டில் பேரப்பிள்ளை இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். புல்வெளியிலிருந்து வந்தால் அன்றே அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் பாருங்கள். கடித்த தேதியை எழுதி வைத்து, 30 நாள் கவனியுங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, கைவைத்தியம் வேண்டாம். உடனே டாக்டர். ஆன்டிபயாடிக் கொடுத்தால் குணமாகும். இதைச் சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

நான் ஊர் திரும்பிய பிறகும் பேரன் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தான். முப்பதாம் நாள் போன்.

"தாத்தா, வட்டம் வரவே இல்லை!"

அவன் குரலில் லேசான ஏமாற்றம்கூட இருந்தது.